பிள்ளைகளோடு வசந்த கால வான்கோழி வேட்டை: பிப்ரவரியிலிருந்து செய்ய வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது: பென்சில்வேனியாவில் குடியிருக்கிறோம், 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள், இந்த வசந்தத்தில் குடும்பமாக வான்கோழி வேட்டைக்குப் போக ஆசை, வீட்டில் யாரும் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, எங்கிருந்து தொடங்குவது?

பறவையிலிருந்து தொடங்குங்கள். காட்டு வான்கோழிக்கு மோப்பம் மிகக் குறைவு. மான் வேட்டைக்காரர்கள் காற்றின் திசைக்கு அஞ்சுவது போல நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கண் பொல்லாதது. தலையைத் திருப்பாமலே சுற்றுப்புறத்தில் முக்கால் பங்கைப் பார்த்துவிடும், நிறம் பிரித்தறியும், தொலைவில் ஒரு கை அசைந்தாலும் அப்படியே நின்று கழுத்தை நீட்டும். ஆகவே தயாரிப்பில் பெரும்பங்கு, பிள்ளை ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவதற்கான தயாரிப்புதான். குளிர்ந்தால் பிள்ளை அசையும், பசித்தால் அசையும், தொடைக்கடியில் வேர் குத்தினால் அசையும், கொசு கடித்தால் கை தானாகப் போகும். வான்கோழி போலக் கூவும் கருவிக்கும் பறவையை ஈர்க்க நடும் பொம்மைப் பறவைக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, பிள்ளை உட்காரும் நாற்காலியை யோசிக்காமல் விடுவதால்தான் பல குடும்பங்களுக்கு முதல் வருடமே கசந்துபோகிறது.

சட்ட வேலைகளை பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். அங்கே வேட்டையை நிர்வகிப்பது பென்சில்வேனியா கேம் கமிஷன். முதல் முறை உரிமம் வாங்குகிறவர்கள் அவர்களுடைய ஹண்டர்-ட்ராப்பர் எஜுகேஷன் வகுப்பை முடித்திருக்க வேண்டும்; 11 வயதிலிருந்து சேரலாம். 13 வயதுப் பிள்ளை வகுப்பு முடித்து ஜூனியர் உரிமம் வாங்கலாம். அந்த வயதில் குடும்பத்துப் பெரியவர் கூடவே இருக்க வேண்டும். 9 வயதுப் பிள்ளைக்கு மென்டர்ட் யூத் அனுமதி உண்டு. அதற்கு வகுப்பு தேவையில்லை. ஆனால் 21 வயது நிறைந்த, உரிமம் உள்ள ஒருவர் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் பொறுப்பேற்று அருகிலேயே இருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளையும் ஒரே பெரியவர் ஒரே காலையில் வேட்டையாட அழைத்துப் போவது சரிவராது. அம்மா, அப்பா இருவரும் வகுப்பு முடித்துவிட்டால் ஆளுக்கொருவரைக் கூட்டிப் போகலாம். பொது உரிமத்தோடு வசந்தத்துக்கு ஒரு வான்கோழிச் சீட்டு, அதாவது சுட்ட பறவையில் நிரப்பிக் கட்டும் சீட்டு, வரும். இரண்டாவது பறவைக்குத் தனி உரிமம். அதைப் பருவம் தொடங்கும் முன்பே வாங்கியாக வேண்டும்.

வசந்தப் பருவம் மே 1-ஐ ஒட்டிய சனிக்கிழமை தொடங்கும். அதற்கு முந்தைய சனிக்கிழமை பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிய நாள். முடிந்தால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். காட்டில் கூட்டமில்லை, பறவைகளும் இன்னும் மிரளவில்லை. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து நண்பகல் வரை சுடலாம். மே மாதப் பிற்பாதியில் நாள் முழுவதும். துல்லியமான தேதிகளும் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோக உருண்டைகள்) அளவு விதிகளும் அந்தந்த ஆண்டுக்கான கேம் கமிஷன் கையேட்டில் இருக்கும். போன வருடத்துக் கையேட்டை நம்பாதீர்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு, "சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருங்கள்" என்று நீட்டினாலும், உரிமம் வாங்கும்வரை கையை நீட்டாதீர்கள். முதலில் வகுப்பு, பிறகு முழு உரிமம், அதன் பிறகே துப்பாக்கி. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மாட்டினால் விசாவே போய்விடும்.

வசந்தத்தில் சுட அனுமதி தாடி உள்ள பறவைக்கு மட்டும். நெஞ்சின் நடுவிலிருந்து குதிரைமயிர்க் கொத்து போலத் தொங்குவதுதான் தாடி. முதிர்ந்த சேவலை டாம் என்றும் காப்ளர் என்றும் சொல்வார்கள். ஏறக்குறைய 20 பவுண்டு எடை, தாடி 9 அங்குலத்துக்கு மேல், காலில் கூரிய முள். ஒரு வயதுச் சேவல் ஜேக். அதன் தாடி மூன்று நான்கு அங்குலக் குச்சம்தான், வாலை விரித்தால் நடு இறகுகள் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு துருத்தும். சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மாறிமாறித் தெரியும். பெட்டையின் தலை மங்கிய சாம்பல் நீலம், உடலும் பழுப்பு. சில பெட்டைகளுக்கும் தாடி முளைப்பதுண்டு. சட்டப்படி சுடலாம் என்றாலும் விட்டுவிடுங்கள். அவள் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு 28 நாள் அடைகாக்க வேண்டியவள். இந்த வேறுபாடுகளைப் படங்களை வைத்துப் பிள்ளைகளுக்கு மார்ச் மாதமே பழக்கிவிடுங்கள். "தலை என்ன நிறம்? தாடி தெரிகிறதா? பின்னால் என்ன இருக்கிறது?" இந்த மூன்றுக்கும் பதில் வந்தால்தான் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டான சேஃப்டியைத் தொடலாம் என்பது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும்.

மார்ச்சில் இடம் பாருங்கள். மாநில அரசுக்குச் சொந்தமான ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் 15 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது, யாரும் போகலாம். ஆனால் பிள்ளைகளோடு போகும் முதல் வருடத்துக்குத் தனியார் பண்ணையே நல்லது, குறுக்கே வேறு வேட்டைக்காரர் வர மாட்டார். பகல் வேளையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் நேரில் கேளுங்கள். வண்டியை எங்கே நிறுத்தலாம், எந்த வேலியைத் தாண்டக் கூடாது என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் விடியற்காலை இரண்டு மூன்று நாள் போய்க் காது கொடுத்துக் கேட்டால் போதும். வான்கோழி இரவில் உயர்ந்த மரக்கிளையில் அடையும். விடியும் முன் அங்கிருந்தே சேவல் கத்தத் தொடங்கும். எந்தப் பக்கத்திலிருந்து என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தரையைப் பாருங்கள். சருகு அகலமாகக் கிளறப்பட்டு மண் தெரிந்தால் மேய்ச்சல் இடம். ஆங்கில ஜே எழுத்து போல வளைந்து நீண்ட எச்சம் சேவலுடையது, சுருண்டு உருண்டையாகக் கிடப்பது பெட்டையுடையது. ஈரமான வண்டித் தடத்தில் கால் தடத்துக்கு இருபுறமும் மெல்லிய கோடுகள் ஓடினால், வாலை விரித்து இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு சேவல் நடைபோட்ட இடம் அது. அந்த இடம் நீங்கள் மறைந்து உட்காரும் கூடாரத்துக்கு ஏற்றது. பிள்ளைகளுக்கு இந்தத் தடம் தேடுவதே பெரிய விளையாட்டு. ஒன்று மட்டும்: இடம் பார்க்கப் போகும்போது கூவும் கருவியை வீட்டில் வைத்துவிடுங்கள். கூப்பிட்ட இடத்துக்கு வந்து பெட்டையைக் காணாமல் மனிதரைக் கண்ட சேவல், அடுத்த முறை அதே குரலுக்கு எளிதில் வராது.

துப்பாக்கியில்தான் பெரும்பாலோர் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள். பென்சில்வேனியாவில் வசந்த வான்கோழிக்கு ரைஃபிள் கூடாது; ரவை சுடும் ஷாட்கன், அல்லது வில். கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு, எண் கூடினால் குழல் சிறுக்கும். மூன்றரை அங்குல 12 கேஜ் தோட்டா பெரியவர் தோளையே நோகவைக்கும். ஒருமுறை அந்த உதையை வாங்கிய பிள்ளை, அடுத்த முறை விசையை இழுக்கும்போதே கண்ணை மூடித் தலையைத் தூக்கிவிடும். அந்தப் பழக்கத்தைப் போக்க ஒரு வருடம் ஆகும். 13 வயதுக்கு 20 கேஜ், 9 வயதுக்கு அதைவிடவும் சிறிய .410 போதும். இவை முன்பு வான்கோழிக்குப் போதாதென்று ஒதுக்கப்பட்டவை. டங்ஸ்டன் சூப்பர் ஷாட் எனப்படும் டிஎஸ்எஸ் ரவை வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11 கிராமுக்குச் சற்று அதிகம். டிஎஸ்எஸ் 18 கிராம். அதனால் மிகச் சிறிய 9-ஆம் எண் ரவையே ஆழமாகப் பாய்கிறது, சிறிய தோட்டாவிலும் நூற்றுக்கணக்கில் அடங்குகிறது. விலைதான் கடுமை. உலோகமும் மிகக் கடினம். துப்பாக்கியும், ரவை சிதறாமல் நெருக்கக் குழல் முனையில் திருகும் சோக்கும் டிஎஸ்எஸ்ஸுக்கு ஏற்றவை என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால்தான் போட வேண்டும்.

துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளில் பதியும் பின்பகுதி, எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பெரியவர் துப்பாக்கியில் அது ஏறக்குறைய 14 அங்குலம் இருக்கும். பிள்ளைகளுக்கு 12, 13 அங்குலம்தான் பொருந்தும். நீளமான கட்டையைக் கொடுத்தால் கன்னம் கட்டையில் படியாது, குண்டு தலைக்கு மேலே போகும். எந்தக் கண் ஆதிக்கக் கண் என்றும் சோதியுங்கள்: காகிதத்தில் சிறு ஓட்டை போட்டு, இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துத் தூரத்துப் பொருளைப் பார்க்கச் சொல்லி, மெல்ல முகத்தருகே கொண்டுவரச் செய்தால் ஓட்டை தானாக ஆதிக்கக் கண்ணிடம் வந்து நிற்கும். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆதிக்கம் இருந்தால் இடத்தோளில் சுடப் பழக்குவதே சுலபம். ரெட் டாட் எனப்படும் செம்புள்ளிக் குறிநோக்கி பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. கன்னம் சிறிது நகர்ந்தாலும் புள்ளி இருக்கும் இடத்தில் ரவை விழும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் குறி சரிபாருங்கள். முதலில் 20 கஜத்தில், மலிவான மெல்லிய பயிற்சித் தோட்டாவால் ரவைக் கூட்டத்தின் மையம் புள்ளியில் விழுகிறதா என்று பார்த்துத் திருகிச் சரிசெய்யுங்கள். பிறகு வேட்டைத் தோட்டாவை பெரியவர் சுட்டுப் பார்க்கட்டும். மூன்றடிச் சதுரக் காகிதத்தை 40 கஜத்தில் நட்டு, சுட்டபின் ரவை மிக நெருக்கமாக விழுந்த இடத்தைச் சுற்றி 10 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு எண்ணுங்கள். 100 துளைக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. குறைந்தால் 35, 30 என்று நெருங்கி வாருங்கள். 100 கிடைக்கும் தூரமே அந்தத் துப்பாக்கியின் எல்லை. 40 கஜத்தில் கிடைத்தாலும் பிள்ளைக்கு எல்லை 30 கஜம் என்றே வையுங்கள். 15 கஜத்திலும் ஒரு தாளைச் சுட்டுக் காட்டுங்கள். அங்கே மொத்த ரவையும் கைமுட்டி அளவுக்குள் விழும். பக்கத்தில் வந்த பறவை ஏன் தப்புகிறது என்பது பிள்ளைக்கு அந்தத் தாளைப் பார்த்தாலே புரியும். பிள்ளை பயிற்சியில் மெல்லிய தோட்டா மட்டுமே சுடட்டும். காதுக் கவசம், கண் கண்ணாடி இல்லாமல் ஒரு தோட்டாகூட வேண்டாம்.

கூவும் கருவிகளில் பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டியது விரலால் தள்ளும் புஷ்-பட்டன் பெட்டி. ஐந்து நிமிடத்தில் பெட்டைக் குரல் வந்துவிடும். அண்ணத்தில் வைத்து ஊதும் ரப்பர்ச் சவ்வு சின்ன வாய்க்குப் பொருந்தாது, குமட்டும். வளர்ந்த பிறகு பார்க்கலாம். பெரியவர்களுக்கு ஸ்லேட் கருவி நல்லது. வட்டக் கிண்ணத்தின் மேல் பலகைக்கல் பதித்திருக்கும். குச்சியை எழுதுகோல் போலப் பிடித்து, கல்லிலிருந்து எடுக்காமல் சிறுசிறு முட்டை வடிவமாகச் சுழற்ற வேண்டும். தொடங்கும் முன் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் கல்லை ஒரே திசையில் தேய்த்துத் தூசியை வாயால் ஊதித் தள்ளுங்கள், கையால் துடைக்காதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் குச்சி பிடிக்காமல் வழுக்கி, குரல் "க்ரீச்" என்று உடையும். மழைநாளில் ரொட்டி வரும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மரப்பெட்டிக் கருவிக்கு எண்ணெய் கலக்காத சாக்பீஸ் பூசுங்கள். பள்ளிக்கூடச் சாக்பீஸ் சிலவற்றில் மெழுகு இருக்கும், அது பெட்டியைக் கெடுத்துவிடும்.

கற்றுக்கொள்ள வேண்டிய குரல் மூன்றுதான்: ஐந்தாறு சுரமாக வரும் யெல்ப், ஒற்றையாக வரும் கிளக், மனநிறைவோடு மேயும்போது வரும் மெல்லிய பர். சுரத்தைவிடத் தாளம் முக்கியம். சேவல் பதில் கொடுத்துக்கொண்டு நெருங்கினால் கருவியைக் கீழே வைத்துவிடுங்கள். இயற்கையில் சேவல் கத்தும், பெட்டை தேடிப் போகும். நாம் அதைத் தலைகீழாக்கப் பார்க்கிறோம். ஓயாமல் கூப்பிட்டால், பெட்டைதான் வருகிறாளே என்று சேவல் நின்ற இடத்திலேயே வாலை விரித்துக் காத்திருக்கும். சேவல் குரல் எழுப்பும் கருவியை மட்டும் வாங்கவே வேண்டாம். அந்தச் சத்தத்தை நோக்கி இன்னொருவர் துப்பாக்கி திரும்பலாம்.

பிள்ளைகளோடு போகும்போது மடித்து விரிக்கும் மறைவுக் கூடாரம், அதாவது பிளைண்ட், கட்டாயம். மான் மிரள்வது போல வான்கோழி புதிய கூடாரத்துக்கு மிரள்வதில்லை. தனியார் நிலமானால் இரண்டு நாள் முன்பே நட்டு முளையடித்துவிடலாம். உள்ளே தரையில் உள்ள சருகைக் காலால் முழுவதும் ஒதுக்கி வெறும் மண்ணாக்குங்கள். பின்பக்க ஜன்னல்களை மூடுங்கள். திறந்திருந்தால் வெளிச்சத்தில் உங்கள் உருவம் நிழலாகத் தெரியும். உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை. சாய்வு உள்ள நாற்காலி, கால் தரையில் படும் உயரத்தில். துப்பாக்கியைத் தாங்க முக்காலி. குழல் முனை ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். குறிநோக்கி குழலுக்கு மேலே இருப்பதால் கண்ணுக்குப் பறவை தெளிவாகத் தெரியும்போதே குழல் ஜன்னல் விளிம்புக்குக் கீழே துணியை நோக்கி இருக்கலாம். அப்படிக் கூடாரத்தைத் துளைத்தவர்கள் பலர். கூடாரத்துக்குள் வெடிச்சத்தம் மிகக் கடுமை, ஆகவே உள்ளே இருக்கும் அனைவருக்கும் மின்னணுக் காதுக் கவசம் தேவை. மெல்லிய ஒலியை அது கேட்கவிடும்.

பொம்மைப் பறவைகளை 15 முதல் 20 கஜத்தில் நடுங்கள். வேட்டையில் மற்ற விலங்கை ஈர்க்கப் பழக்கி வைக்கும் விலங்குக்குத் தமிழில் "பார்வை" என்ற பழைய சொல்லே உண்டு. ஒரு பெட்டையும் ஒரு ஜேக்கும் போதும். ஜேக் கூடாரத்தைப் பார்த்து நிற்கட்டும். வரும் சேவல் அதன் முகத்துக்கு நேரே போய் நிற்கப் பார்க்கும், அப்போது உங்களுக்கும் பொம்மைக்கும் நடுவில் வந்துவிடும். காற்றில் பொம்மை சுற்றினால் வால் பக்கம் இரண்டு குச்சி நட்டு ஆட்டத்தைக் குறையுங்கள். பொம்மையையும் சுட்ட பறவையையும் ஆரஞ்சுப் பையில் போட்டே தூக்குங்கள்.

உடையில் சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் வேண்டாம், உள்ளாடைக் காலர், சாக்ஸ், கைக்குட்டை உட்பட. சேவல் தலையின் நிறங்கள் அவை. கூடாரம் இல்லாமல் உட்கார்ந்தால் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். வேறொருவர் வருவதைக் கண்டால் கையை அசைக்காதீர்கள், கூவும் கருவியையும் தொடாதீர்கள். உரத்த மனிதக் குரலில் "இங்கே ஆள் இருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் கத்துங்கள். விசிறி போல விரித்த வாலுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் முறையைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். குடும்பத்தோடு அதைச் செய்யவே கூடாது. நடக்கும்போது துப்பாக்கி பெரியவர் கையில், தோட்டா இல்லாமல்.

மே மாதக் காட்டில் பறவையைவிட உண்ணிக்கு அதிகம் தயாராகுங்கள். கருங்கால் உண்ணியின் குஞ்சுகள் கசகசா அளவுதான் இருக்கும். லைம் நோய் அவற்றால்தான் அதிகம் வருகிறது. பருவத்துக்கு ஒரு வாரம் முன் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் 0.5 சதவீதத் திரவத்தைச் செருப்பு, சாக்ஸ், கால்சட்டை, தொப்பி மீது திறந்த வெளியில் தெளித்து முழுவதும் காயவிடுங்கள். தோலில் படக் கூடாது. ஈரமாக இருக்கும்போது பூனைக்கு நஞ்சு. தோலுக்கு பிகாரிடின் என்ற பூச்சிவிரட்டி நல்லது. டீட் என்ற இன்னொரு பூச்சிவிரட்டி பட்ட கையோடு கருவியைத் தொட்டால் பிளாஸ்டிக்கும் துப்பாக்கி மெருகும் கெடும். கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி என்று தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வைக்காதீர்கள்.

வேட்டையன்று அதிகாலையா, பின்காலையா? மே தொடக்கத்தில் அங்கே சூரியன் ஏறக்குறைய 6 மணிக்கு உதிக்கும். சேவல் அடைந்த மரத்திலிருந்து 150 கஜத்தில், 5 மணிக்கு முன் உட்கார வேண்டுமானால் பிள்ளையை மூன்றரைக்கு எழுப்ப வேண்டும். 13 வயதுக்குச் சரி. 9 வயதுக்கு 9 மணிக்குப் போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. விடியலில் சேவலைச் சுற்றிப் பெட்டைகள் இருக்கும். உங்கள் குரலை அது மதிக்காது. ஒன்பது பத்து மணிக்குப் பெட்டைகள் கூட்டுக்குப் போய்விட, தனியாகிப்போன சேவல் மெல்லிய யெல்புக்கும் இறங்கி வரும். பிள்ளையும் தூங்கி, சாப்பிட்டு, வெயிலில் தெம்பாக இருக்கும். தின்பண்டத்தைச் சரசரக்கும் உறையிலிருந்து எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வீட்டு முற்றத்தில் 20 நிமிடம், 30 நிமிடம் என்று உட்காரப் பழக்குங்கள். காட்டில் பிள்ளை "போதும்" என்றால் அந்த நிமிடமே எழுந்துவிடுங்கள்.

சேவல் வாலை விரித்து நிற்கும்போது கழுத்தை உள்ளிழுத்திருக்கும். அப்போது சுடக் கூடாது. ஒரு கூரிய கிளக் கொடுத்தால் தலையை உயர்த்தும். இறகு முடிந்து சிவந்த சதை தொடங்கும் கழுத்தடியில் புள்ளியை வைக்கச் சொல்லுங்கள். "கன்னம் கட்டையில்" என்று காதருகே ஒருமுறை சொல்லிவிட்டு அமைதியாகுங்கள். சுட்டதும் சேஃப்டி போட்டு, துப்பாக்கியைப் பெரியவர் வாங்கிக்கொண்டு உடனே பறவையிடம் போகட்டும். இறக்கை அடித்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை காலைப் பிடித்தால் முள் கையைக் கிழிக்கும். அடங்கியபின் நகர்த்துவதற்கு முன்பே சீட்டை நிரப்பிக் கட்டிவிடுங்கள்.

மே வெயிலில் இறைச்சி விரைவில் கெடும். அங்கேயே குடலை எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். நெஞ்சுக் கறியை ரவைத் துளை பார்த்து விரலால் தடவித் துப்புரவாக்குங்கள்; டிஎஸ்எஸ் ரவை ஒன்று மிஞ்சினாலும் பல் உடையும், ஈயம் என்றால் பிள்ளைகளுக்கு நஞ்சு. நெஞ்சுக் கறி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரும்வரை வெந்தால் போதும், மீறினால் நார் போலாகும். காலும் தொடையும் ஓடி ஓடி முறுக்கேறியவை. குக்கரில் நன்றாக வேகவைத்து எலும்பிலிருந்து உதிர்த்துச் சுக்கா வறுவலாகச் செய்தால் நாட்டுக்கோழியை மிஞ்சும். சுத்தம் செய்யும்போது கழுத்தடியில் உள்ள இரைப்பையை அறுத்துப் பிள்ளைகளோடு பாருங்கள். உள்ளே புது க்ளோவர் இலை இருந்தால் புல்வெளியில் மேய்ந்தது, போன இலையுதிர் காலத்து ஓக் கொட்டை இருந்தால் மேட்டுக் காட்டிலிருந்து இறங்கியது. அடுத்த சனிக்கிழமை மற்றப் பிள்ளையின் முறை வரும்போது கூடாரத்தை எங்கே நட வேண்டும் என்பதை அதை வைத்தே முடிவுசெய்யலாம்.